முதலில் டவர், பிறகு செல்போன்

ஓர் ஊரில் செல்போன் விற்பனை எப்போது சூடுபிடிக்கும் என்பது கடைக்காரருக்குத் தெரிவதற்கு வெகு முன்பே சிப் தயாரிப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பது மின்னணுத் தொழிலில் நெடுநாளாக இருக்கும் நம்பிக்கை. டவரில் பொருத்தப்படும் கருவிக்கான சிப்கள்தான் முதலில் விற்கின்றன. அவற்றை வாங்கி நோக்கியா, எரிக்சன், ஹுவாய், சாம்சங் போன்றவை கருவியைச் செய்கின்றன. தொலைபேசி நிறுவனங்கள் அந்தக் கருவியை வாங்கி டவரில் ஏற்றுகின்றன. சிக்னல் வந்த பிறகுதான் மக்கள் கைப்பேசி வாங்கக் கடைக்கு வருகிறார்கள். ஆகவே இன்றைய டவர் சிப் ஆர்டர் நாளைய கைப்பேசி விற்பனைக்கு முன்னறிவிப்பு என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு பொதுவாகச் சரிதான். ஆனால் அந்த ‘நாளை’ எத்தனை மாதம் அல்லது எத்தனை வருடம் கழித்து வரும் என்பதைச் சிப் சொல்வதில்லை. திருச்சிராப்பள்ளியும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கமும் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த வரிசை ஒழுங்காக நடந்ததையும் கண்டன, பிசகியதையும் கண்டன, ஒருமுறை அப்படியே தலைகீழானதையும் கண்டன.

டவரின் அடியிலோ உச்சியிலோ உள்ள பெட்டியைத் தொழிலில் இருப்பவர்கள் பி.டி.எஸ். என்பார்கள். அதற்குள் பல வகைச் சிப்கள் இருக்கின்றன. பேச்சை எண்களாக்கிப் பிழை திருத்தும் கணக்கைச் செய்பவை ஒரு வகை. இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் காலத்தில் இந்தச் சிப்களுக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெயர்போனது. காற்றில் வரும் அலையை எண்ணாகவும் எண்ணை அலையாகவும் மாற்றும் சிப்களில் அனலாக் டிவைசஸ் முன்னணியில் இருந்தது. அலையைப் பெருக்கி வெளியே தள்ளும் ஆற்றல் டிரான்சிஸ்டர்களை மோட்டரோலாவிலிருந்து பிரிந்த ஃப்ரீஸ்கேலும் பிலிப்ஸிலிருந்து பிரிந்த என்.எக்ஸ்.பி.யும் செய்தன. இவை தவிர, விற்ற பிறகும் உள்ளமைப்பை மாற்றி எழுதக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சிப்களைச் சைலிங்க்ஸும் ஆல்டெராவும் விற்றன. கணிப்புக்கு இந்தக் கடைசி வகைதான் மிக உதவியானது. ஒரு புதிய தலைமுறை தொடங்கும்போது அதன் விதிமுறைகள் இன்னும் மாறிக்கொண்டிருக்கும். மாற்றி எழுதக்கூடிய சிப்பையே அப்போது எல்லோரும் வாங்குவார்கள். விதிமுறை நிலைத்து, தேவை பெருகியதும் அதே வேலையை மலிவாகச் செய்யும் தனிச் சிப்பை வடிவமைத்துக்கொள்வார்கள். எஃப்.பி.ஜி.ஏ. விற்பனை ஏறினால் புதிய வலைப்பின்னல் வருகிறது என்று பொருள். அது இறங்கினால் வலைப்பின்னல் நின்றுபோயிருக்கலாம், அல்லது பெரிய அளவில் தொடங்கியிருக்கலாம். எது என்று தெரியாமல் முதலீட்டாளர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள்.

ஒரு பி.டி.எஸ். எத்தனை கைப்பேசிக்குச் சமம்? இதற்கான கணக்கு செல்போனைவிடப் பழையது. டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் எர்லாங் என்ற கணித வல்லுநர், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியபோது 1917ல் வெளியிட்ட சூத்திரம் அது. இரண்டாம் தலைமுறையின் ஜி.எஸ்.எம். முறையில் ஒரு அலைவரிசைப் பெட்டி நேரத்தை எட்டுக் கூறாகப் பிரிக்கிறது. ஒரு கூறு கட்டுப்பாட்டு வேலைக்குப் போய்விடும், மீதி ஏழில் ஏழு பேர் ஒரே சமயத்தில் பேசலாம். நூறு அழைப்பில் இரண்டுக்கு மேல் தடைபடக் கூடாது என்று வைத்து, நெரிசல் வேளையில் ஒரு வாடிக்கையாளர் மணிக்கு ஒன்றரை நிமிடம் பேசுகிறார் என்று கொண்டால், ஒரு பெட்டி சுமார் 117 பேருக்குப் போதும். மூன்று பெட்டிகளைச் சேர்த்து வைத்தால் சுமார் 600 பேரைத் தாங்கும். கூட்டமாக இருக்கும்போது ஒரு பெட்டியின் ஓய்வை இன்னொன்று பயன்படுத்திக்கொள்வதால் இந்த லாபம். கருவி விற்பவருக்கும் சிப் விற்பவருக்கும் இந்த எண்கள் மனப்பாடம். இத்தனை பெட்டி விற்றால் பின்னால் இத்தனை ஆயிரம் கைப்பேசி விற்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் இந்தக் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு. வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறக்கும் அதிகாலையில் ஊருக்குள் லட்சக்கணக்கானவர்கள் நிற்பார்கள். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையிலும் கூட்டம் நெரியும். அந்தச் சில மணி நேரங்களைத் தாங்குவதற்காக வைக்கப்படும் கூடுதல் கருவிக்கும் ஊர்க்காரர் வாங்கும் கைப்பேசிக்கும் சம்பந்தமில்லை. திருவிழா ஊர்களுக்கு வண்டியில் ஏற்றிய தற்காலிக டவரை அனுப்புவது நாடெங்கும் உள்ள வழக்கம், விழா முடிந்ததும் அது வேறு ஊருக்குப் போய்விடும். ஏழு திருச்சுற்றுக் கோயிலின் வெளிச்சுற்றுகளில் உத்தர வீதிகளும் சித்திரை வீதிகளுமாக ஊரே மதில்களுக்குள் அமைந்திருப்பது இன்னொரு சிக்கல். கருங்கல் மதிலும், பக்கச்சுவர் பொதுவான நீண்ட அக்ரகார வீடுகளும் அலையை உறிஞ்சக்கூடியவை. பரப்பளவை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் இத்தகைய ஊருக்கு எப்போதும் பெட்டி குறைவாகவே வரும்.

கம்பித் தொலைபேசிக் காலத்தில் இத்தனை கருவிக்கு எத்தனை தொலைபேசி என்ற கேள்வியே எழவில்லை. இணைப்பும் கருவியும் ஒரே துறையின் கையில் இருந்தன. 1948ல் பெங்களூரில் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை நிலையக் கருவியையும் செய்தது, வீட்டில் வைக்கும் கறுப்புத் தொலைபேசியையும் செய்தது. ஒரு இணைப்புக்கு ஒரு தொலைபேசி. தேவை என்பது காத்திருப்போர் பட்டியலின் நீளம், அவ்வளவுதான். பெருந்தொகை முன்பணம் கட்டினால் வரிசையில் முந்தலாம் என்ற ‘ஓ.ஒய்.டி.’ திட்டமும் இருந்தது. திருச்சி அப்போதே தொழில் நகரம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இங்கே இருந்தது, 1928ல் பொன்மலைப் பணிமனை வந்தது, 1939ல் வானொலி நிலையம், அறுபதுகளில் பெல் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும். தேவைக்குப் பஞ்சமில்லை, இணைப்புக்குத்தான் பஞ்சம். நாடு முழுவதற்கும் 1991ல் இருந்த தொலைபேசிகள் சுமார் 50 லட்சம்.

அந்த நிலையை மாற்றிய முதல் கருவியும் சிப்பால் ஆனதுதான். 1984 ஆகஸ்டில் சாம் பிட்ரோடாவின் முனைப்பில் தொடங்கிய சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி மையம், குளிர்சாதன வசதி இல்லாத ஊரிலும் இயங்கும் 128 இணைப்புச் சிறு நிலையத்தை வடிவமைத்தது. முதல் நிலையம் 1986ல் கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. நிலையங்கள் மின்னணு மயமானதும், வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. பரவியது. மஞ்சள் பலகை வைத்த எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. கூண்டுகள் தெருமுனைதோறும் வந்தன. வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள் இருந்த ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு இரவு கட்டணம் குறையும் நேரம் அத்துப்படியானது. ஒரு கூண்டை நூறு பேர் பயன்படுத்தினார்கள். இங்கேதான் கருவி எண்ணிக்கைக்கும் பேசுவோர் எண்ணிக்கைக்கும் இடையே இருந்த ஒன்றுக்கு ஒன்று என்ற உறவு முதன்முதலில் அறுந்தது. பேச ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்பதைத் துறையின் காத்திருப்போர் பட்டியலைவிடக் கூண்டின் முன் நின்ற வரிசை நன்றாகக் காட்டியது. அதை யாரும் எண்ணவில்லை என்பது வேறு விஷயம்.

சிப் என்றால் என்ன என்பதைத் தமிழ் வாசகருக்கு அந்தக் காலத்திலேயே சொன்னவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்தான். சுஜாதா என்ற பெயரில் எழுதிய ரங்கராஜன், திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்து, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். அவருடைய ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ நூல் இந்தியாவுக்குச் செல்போன் வருவதற்கு முன்பு எழுதப்பட்டது.

1994ல் இரண்டு காரியங்கள் நடந்தன. தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. திருச்சி மாநகராட்சியானது, 1871 முதல் தனி நகராட்சியாக இருந்த ஸ்ரீரங்கம் அதில் சேர்ந்தது. சென்னைக்குச் செல்போன் உரிமம் பெற்றவை ஆர்.பி.ஜி. செல்லுலாரும் ஸ்கைசெல்லும். சென்னை நீங்கிய தமிழ்நாடு தனி வட்டம். அதன் உரிமங்கள் பி.பி.எல். நிறுவனத்துக்கும் ஸ்ரீநிவாஸ் செல்காமுக்கும் போயின. பின்னது தொழிலதிபர் சிவசங்கரன் கைக்கு வந்து 1999ல் ஏர்செல் என்ற பெயரில் சேவையைத் தொடங்கியது. நாட்டின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசுவிடமிருந்து தில்லியில் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குப் போனது. அந்தக் காலத்தில் நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல் கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு. கைப்பேசி விலையோ பல்லாயிரம்.

வரிசை இங்கே முதன்முறையாகப் பிசகியது. கருவி வாங்கினார்கள், டவர் எழுந்தது, கைப்பேசி விற்கவில்லை. 2000 மார்ச்சில் இந்தியா முழுவதும் இருந்த செல்போன் இணைப்புகள் இருபது லட்சத்தை எட்டவில்லை. காரணம் கருவியில் இல்லை, உரிமக் கட்டணத்தில் இருந்தது. ஏலத்தில் ஒப்புக்கொண்ட நிலையான தொகையைக் கட்டுவதற்காக நிறுவனங்கள் பேச்சுக் கட்டணத்தை உயரத்திலேயே வைத்தன, உயரத்தில் இருந்ததால் ஆள் சேரவில்லை, ஆள் சேராததால் தொகையைக் கட்ட முடியவில்லை. 1999ல் வந்த புதிய கொள்கை, நிலையான தொகைக்குப் பதில் வருமானத்தில் பங்கு என்று மாற்றியது. இந்தியச் செல்போன் வரலாற்றில் எந்தப் புதிய சிப்பைவிடவும் பெரிய மாற்றம் இந்த ஒரு முடிவு.

இதற்கிடையில் திருச்சிக்குக் கைப்பேசி வேறு வழியிலும் வந்தது. சிங்கப்பூர், கொழும்பு விமானங்கள் இறங்கும் ஊர் இது. சரக்கைக் கையோடு கொண்டுவரும் ‘குருவி’கள் மின்னணுப் பொருள் வியாபாரத்தின் பழைய ஆட்கள். இறக்குமதி வரி அதிகமாக இருந்தவரை நாட்டில் விற்ற கைப்பேசிகளில் பெரும்பகுதி பில் இல்லாத சரக்குதான். மெயின்கார்டு கேட், சிங்காரத்தோப்பு வட்டாரத்தில் பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை. இதனால் கணிப்பாளர்களுக்கு ஒரு தொல்லை. டவர் கருவி முறையாக இறக்குமதியாகிக் கணக்கில் ஏறியது, கைப்பேசி கணக்கில் ஏறவில்லை. முன்னதைப் பார்த்துப் பின்னதைக் கணிப்பது இருக்கட்டும், பின்னது வந்ததா என்று சரிபார்ப்பதே கடினம்.

உலக அளவில் இதே காலத்தில் ஒரு பெரும் பிசகு நடந்தது. 2000ல் பிரிட்டன் மூன்றாம் தலைமுறை அலைவரிசைகளை 22.5 பில்லியன் பவுண்டுக்கு ஏலம் விட்டது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஏலம் 50 பில்லியன் யூரோவைத் தாண்டியது. இவ்வளவு கொடுத்தவர்கள் உடனே வலைப்பின்னல் கட்டுவார்கள் என்று எண்ணிக் கருவி நிறுவனங்கள் சிப்களை அள்ளின. தட்டுப்பாடு வரும் என்ற பயத்தில் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடங்களில் ஆர்டர் போட்டார்கள். சிப் நிறுவனங்களின் புத்தகத்தில் அது உண்மையான தேவை போலவே தெரிந்தது. 2001ல் குமிழி உடைந்தது. வலைப்பின்னல் கருவி விற்கும் சிஸ்கோ 2.2 பில்லியன் டாலர் மதிப்புள்ள கையிருப்பைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. உலகில் அந்த ஆண்டு விற்ற கைப்பேசிகள் சுமார் 40 கோடி, முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. அதுவரை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருந்த எண் அது. ஆர்டர் என்பது தேவை அல்ல, தேவையைப் பற்றிய ஒருவரின் ஊகம் என்பதைச் சிப் தொழில் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. பிறகு மறக்கவும் செய்தது.

மேற்கே கையிருப்பு தேங்கிக் கிடந்தபோது திருச்சியில் கதை வேகமெடுத்தது. பார்தி ஏர்டெல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். தன் செல்ஒன் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் வேறு தொழில்நுட்பத்தில் நுழைந்து, 2003 ஜூலையில் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைப்பேசியைக் கையில் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானது. பேசக் காசில்லாதவரும் பேச்சைக் கேட்கலாம், மிஸ்டு கால் கொடுக்கலாம். 2003ல் வந்த நோக்கியா 1100, தூசி புகாத விசைப்பலகையும் டார்ச் விளக்கும் கொண்டது. மின்வெட்டுள்ள ஊர்களில் டார்ச் ஒரு விளையாட்டல்ல. 2004 அக்டோபரில் நாட்டின் செல்போன்கள் கம்பித் தொலைபேசிகளை எண்ணிக்கையில் முந்தின. ஒரு சில ஆண்டுகளில் எஸ்.டி.டி. கூண்டுகள் ஜெராக்ஸ் கடைகளாகவும் ரீசார்ஜ் கடைகளாகவும் மாறின.

இந்த ஆண்டுகளில் மட்டும் கணக்குப் புத்தகம் சொன்னபடியே நடந்தது. கருவி ஏறியது, சில மாதங்களில் கைப்பேசி ஏறியது. நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006 ஜனவரியில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். 50 கோடிக்கும் மேற்பட்ட கைப்பேசிகள் அங்கிருந்து வெளியேறின. அருகே ஒரகடத்தில் 2008ல் நோக்கியாவும் சீமென்ஸும் கூட்டாக நடத்திய வலைப்பின்னல் நிறுவனம் டவர் கருவிக்கான ஆலையைத் திறந்தது. முன்னறிவிப்பும் அதன் பலனும் ஒரே வட்டாரத்தில், ஏறக்குறைய ஒரே பெயர்ப்பலகையின் கீழ் தயாராயின. பின்னால் நடந்ததுதான் வேடிக்கை. கைப்பேசிப் பிரிவு 2014ல் மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்டபோது வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தி நின்றது. டவர் கருவி ஆலை இன்றும் ஓடுகிறது, ஐந்தாம் தலைமுறைக் கருவிகள் உட்பட. கைப்பேசித் தேவை குறையவில்லை, நோக்கியாவின் கைப்பேசிக்கான தேவைதான் குறைந்தது. டவர் சிப் விற்பனை மொத்தச் சந்தையைக் காட்டுமே தவிர எந்தக் கம்பெனி பிழைக்கும் என்பதைக் காட்டாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் கருவியும் இங்கே குறிப்பிடத்தக்கது. கம்பிக்குப் பதில் வானலையில் வீட்டுக்கு இணைப்புத் தரும் இந்த முறையை மைடாஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது, சிப் துணை அனலாக் டிவைசஸ். மதுரைப் பக்கம் மேலூரில் 2001 வாக்கில் கிராமங்களுக்கு இணைய இணைப்புத் தர இது பயன்பட்டது. டவர்ப் பெட்டியும் வீட்டுப் பெட்டியும் ஒரே குடும்பத்துக் கருவிகள் என்பதால் முன்னது விற்றால் பின்னது எவ்வளவு விற்கும் என்பது இதில் மிகத் தெளிவு. ஆனால் நடந்துகொண்டே பேசலாம் என்ற வசதி மலிவானதும் வீட்டில் நிற்கும் பெட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று.

2008 ஜனவரியில் வழங்கப்பட்ட 122 உரிமங்கள் கணிப்பாளர்களை இன்னொரு வகையில் ஏமாற்றின. புதிய நிறுவனங்கள் கருவிகளை வாங்கிக் குவித்தன. யூனினார் 2009 கடைசியிலும் வீடியோகான் 2010 தொடக்கத்திலும் தமிழ்நாட்டில் சேவை தொடங்கின. ஒரே ஊரில் ஏழெட்டு நிறுவனங்கள். விநாடிக் கணக்கில் கட்டணம், இலவச சிம், முழு டாக்டைம். சிம் விற்றது உண்மை. ஆனால் மீடியாடெக் சிப்பின் துணையோடு வந்த மைக்ரோமேக்ஸ் போன்ற மலிவுக் கைப்பேசிகளில் இரண்டு சிம் போடலாம். ஒருவர் மூன்று சிம் வைத்திருப்பார், கைப்பேசி ஒன்றுதான். சிம் எண்ணிக்கையைப் பார்த்துக் கைப்பேசித் தேவையைக் கணித்தவர்கள் கூட்டிச் சொன்னார்கள். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்ததும் இவ்விரண்டு வலைப்பின்னல்களும் தமிழ்நாட்டிலிருந்து மறைந்தன. அவற்றுக்காக விற்ற சிப்களுக்கு ஈடாக ஒரு புதிய கைப்பேசிகூட விற்றிருக்காது என்று சொன்னால் மிகை, ஆனால் உண்மைக்கு அருகில்தான் இருக்கும்.

2010ல் மூன்றாம் தலைமுறை ஏலம் நடந்து அரசுக்கு 67,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. ஐரோப்பா பத்தாண்டு முன்பு செய்த அதே தவறு. அலைவரிசைக்குக் கொடுத்த பணம் கருவிக்கு மிஞ்சவில்லை. கருவி குறைந்ததால் வேகம் இல்லை, விலை மட்டும் இருந்தது. ஆகவே மக்கள் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசியை வாங்கியும் இரண்டாம் தலைமுறையிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரிலையன்ஸ் ஜியோ செய்தது வேறு. நான்காம் தலைமுறைக்கு மட்டுமான வலைப்பின்னலை, வருமானம் ஒரு ரூபாய்கூட வராத ஆண்டுகளில், சாம்சங் கருவியைக் கொண்டு நாடு முழுவதும் கட்டிவிட்டு 2016 செப்டம்பர் 5 அன்று கதவைத் திறந்தது. கருவிச் சிப் விற்பனை முன்னதாக ஏறும், கைப்பேசி பின்னால் வரும் என்ற பாடத்துக்கு இதைவிடத் தூய உதாரணம் கிடையாது. ஆனால் இந்த வலைப்பின்னலில் பேச்சும் தரவாகவே போகும். அதற்கேற்ற கைப்பேசி பலரிடம் இல்லை. அதனால் லைஃப் என்ற பெயரில் ஜியோவே கைப்பேசி விற்க வேண்டியதாயிற்று. 2017ல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு ஜியோபோன் வந்தது, குவால்காம், ஸ்ப்ரெட்ரம் சிப்களுடன். டவர் இருந்தால் கைப்பேசித் தேவை தானாகப் பிறந்துவிடாது, சில சமயம் அதையும் டவர்க்காரரே பெற்றுப் போட வேண்டும் என்பதை ஜியோ ஒப்புக்கொண்ட இடம் அது.

அந்த அலையில் மூழ்கியது திருச்சிக்காரருக்கு மிகப் பழக்கமான பெயர். தமிழ்நாட்டு வட்டத்தில் முன்னணியில் இருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் பல இடங்களில் சிக்னல் இழந்தது. எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறுவதற்கான குறியீடு கிடைக்காமல் மக்கள் கடைகளை மொய்த்தார்கள். மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கைப்பேசிகள் அப்படியே இருந்தன, அவற்றுக்குச் சேவை தந்த கருவிகள்தான் பயனற்றுப் போயின.

ஐந்தாம் தலைமுறையில் இந்தியாவில் வரிசை முற்றிலும் தலைகீழானது. உலக அளவில் பழைய விதி முதலில் வேலை செய்தது. சீனாவின் ஆயத்தங்களால் 2018, 2019ல் சைலிங்க்ஸின் விற்பனை ஏறியது, 2019 மே மாதம் ஹுவாய் மீது அமெரிக்கா விதித்த தடையால் சரிந்தது. நோக்கியா தன் முதல் ஐந்தாம் தலைமுறைக் கருவிகளில் விலை அதிகமான எஃப்.பி.ஜி.ஏ. சிப்களை நம்பிப் போட்டியில் பின்தங்கி, பிறகு ரீஃப்ஷார்க் என்ற சொந்தச் சிப்புக்கு மாறியது. இந்தியாவில் நடந்தது வேறு. ரியல்மி தன் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசியை 2020 பிப்ரவரியிலேயே விற்பனைக்கு விட்டது. அலைவரிசை ஏலம் முடிந்தது 2022 ஆகஸ்டில், 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு. சேவை தொடங்கியது அக்டோபர் 1 அன்று. திருச்சிக்கு ஜியோவும் ஏர்டெல்லும் 2023 ஜனவரியில் கொண்டுவந்தன. ஏறக்குறைய மூன்று ஆண்டு காலம் டவரில் இல்லாத சேவைக்கான கைப்பேசியைக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தார்கள். கைப்பேசிச் சிப் உலகத்துக்கெல்லாம் ஒன்றாகச் செய்யப்படுவதால், சீனாவிலும் கொரியாவிலும் டவர் வந்ததும் இந்தியக் கடையிலும் அதே சிப் வந்துவிடுகிறது. உள்ளூர் டவரைப் பார்த்து உள்ளூர்க் கைப்பேசியைக் கணிக்கும் முறை இங்கே செத்தது என்றே சொல்லலாம்.

அடுத்து நடந்ததும் இதையே காட்டுகிறது. 2023 முடிவதற்குள் இந்தியாவில் சுமார் நான்கு லட்சம் ஐந்தாம் தலைமுறை பி.டி.எஸ்.கள் எழுந்தன. அந்த ஆண்டு நோக்கியாவின் இந்தியக் கருவி விற்பனை முந்தைய ஆண்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. 2024ல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கைப்பேசிச் சந்தையில் அப்படி எந்தச் சரிவும் இல்லை. விற்ற திறன்பேசிகளில் முக்கால் பங்குக்கு மேல் ஐந்தாம் தலைமுறைக்கானவை. மறுபக்கம், 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ரீசார்ஜ் விலையை உயர்த்தின. தமிழ்நாட்டில் கைப்பேசித் தேவையை 1990களிலும் சரி, இன்றும் சரி, டவர் எண்ணிக்கையைவிட மாதக் கட்டணமே அதிகம் தீர்மானித்திருக்கிறது. சிப் ஆர்டரைப் படிப்பவர்கள் அதோடு ரீசார்ஜ் அட்டவணையையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

பி.எஸ்.என்.எல். மட்டும் இந்த ஓட்டத்தில் ஒரு தலைமுறை பின்னால் வந்தது. உள்நாட்டுக் கருவியோடு நான்காம் தலைமுறைக்கு வர அது பல ஆண்டுகள் காத்திருந்தது. கருவி தேஜஸ் நெட்வொர்க்ஸுடையது, மையப் பகுதி சி-டாட்டினுடையது, ஒருங்கிணைப்பு டாடா கன்சல்டன்சி சர்வீசஸ். தேஜஸையும் டி.சி.எஸ்.ஸையும் தன்னுள் கொண்ட டாடா குழுமத்தின் தலைவர் என். சந்திரசேகரன், 1986ல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில், அதாவது இன்றைய என்.ஐ.டி.யில், எம்.சி.ஏ. முடித்தவர். 2025 செப்டம்பர் 27 அன்று சுமார் 97,500 டவர்கள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. இந்த டவர்களுக்காகப் பெரும்பாலோர் புதிதாகக் கைப்பேசி வாங்கத் தேவையில்லை. நான்காம் தலைமுறைக் கைப்பேசி அவர்கள் கையில் முன்பே இருந்தது.

திருச்சி மாவட்டம் இதுவரை இந்த வியாபாரத்தில் வாங்குகிற பக்கமே இருந்தது. 2024 செப்டம்பரில் முதலமைச்சரின் அமெரிக்கப் பயணத்தின்போது ஜேபில் நிறுவனம் திருச்சியில் 2,000 கோடி ரூபாயில் மின்னணு உற்பத்தி ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 5,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. ஜேபிலின் வாடிக்கையாளர்களில் கைப்பேசி விற்கும் ஆப்பிளும் உண்டு, வலைப்பின்னல் கருவி விற்கும் சிஸ்கோவும் உண்டு.